குரைக்காத சார்ஜன்

எங்கள் வீட்டு நாய்க்குச் சார்ஜன் என்று பெயர், போலீஸ் சார்ஜெண்ட் மாதிரி. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "கட்டிப் போட்டிருக்கா?" என்று விசாரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அதைக் கட்டிப் போடவும் தேவையில்லை, அவிழ்த்து விடவும் தேவையில்லை. காலையில் எந்த இடத்தில் படுத்ததோ சாயங்காலமும் அங்கேயே கிடக்கும். வெயில் நகர்ந்து வந்து மேலே விழுந்தால் ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்திருக்காமலே உடம்பை நிழலுக்கு இழுத்துக்கொள்ளும்.

பெயர் வைத்தது என் வீட்டுக்காரர் பழனியப்பன். ஈப்போவில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் அவருக்கு ஜாகா வேலை. ராத்திரி பூராவும் வாசல் தடுப்பைத் தூக்கி இறக்கிக் காவல் இருக்க வேண்டும். அங்கே குடியிருந்த ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குப் போகும்போது, நல்ல சாதி லாப்ரடார், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டது. புந்தோங்கில் எங்கள் வரிசை வீட்டுக்கு அவர் அதைக் கூட்டி வந்தபோது நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். லாப்ரடார் என்றால் ஆள்மேல் பாயும், சோபாவைக் குதறும், கொடியில் ஒரு துணி மிஞ்சாது என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் அந்தப் பெரிய உடம்பு மெதுவாக உள்ளே வந்தது. என்னைப் பார்த்தது, துடைப்பத்தைப் பார்த்தது, மேசைக்குக் கீழே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது.

சீக்கு பிடித்த நாயை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் சண்டை பிடித்து, அதை வைத்தியத்துக்குக் கொண்டு போக வைத்தேன். நாய் பார்க்கிற டாக்டரம்மா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். "ஒண்டும் இல்லை அம்மா, நல்ல சுகமாய்த்தான் இருக்கு. சில பிறவிகள் இப்பிடித்தான், அமைதி," என்றார். அமைதிக்கு மருந்து கிடையாதாம். திரும்பும் வழியெல்லாம் இவர் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

ஒருமுறை பட்டப்பகலில் ஒருவன் பின்பக்கம் புகுந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். சார்ஜன் வாலை ஆட்டி வழியனுப்பி வைத்ததை அடுத்த வீட்டுச் சரளா மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். நான் அன்று வீட்டை ரெண்டாக்கினேன். இவர் சாவகாசமாகச் சொன்னார்: "நான் ராத்திரி பூரா முழிச்சிக் கெடந்து ஜாகா பாக்கறேன் மங்களம். வீட்டுல ஒருத்தனாச்சும் நிம்மதியா தூங்கட்டுமே."

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அது எழுந்திருக்கும். சோறு. சட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கே கிடந்தாலும் வந்து நிற்கும். மகன் யுகேந்திரனின் நிச்சயதார்த்தத்தன்று விருந்தாளிகளுக்கு வைத்திருந்த ஒரு தட்டு மீன் பொரியலை, நாங்கள் மாப்பிள்ளைத் தட்டை எடுத்து வைக்கிற நேரத்துக்குள், முள்ளோடு சேர்த்துத் தின்று முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு பழைய இடத்தில் வந்து படுத்துவிட்டது. சோற்றை மட்டும் அதை நம்பி வைக்க முடியாது என்பது எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

இவர் போய் ஒன்றரை வருடமாகிறது. அன்று நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலையாக இருந்தேன். இரவு வேலை முடித்து வந்தவர், குளித்துவிட்டு, நான் மூடி வைத்துப் போயிருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சடைப்பு. நான் மத்தியானம் வந்து பார்த்தபோது சிமெண்டுத் தரையில் கிடந்தார். சார்ஜன் அவரை ஒட்டிப் படுத்து, அவர் கைமேல் தாடையை வைத்திருந்தது. நான் அலறினேன். அது தலையைக்கூடத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. அக்கம்பக்கம் ஓடி வந்தது. யார் யாரோ தூக்கினார்கள், யாரோ தட்டை எடுத்துக் கழுவினார்கள், யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

துக்கம் விசாரிக்கிற பேச்சில்தான் சரளா அதைச் சொன்னாள். "நான் வீட்டுலதான் இருந்தேன் அக்கா. இந்த நாய் ஒரு சத்தம் போட்டிருந்தாக்கூட ஓடி வந்திருப்பேன் லா." அவள் மனத்தில் ஒன்றுமில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். எனக்கு அது தொண்டையில் மாட்டிய மீன்முள் ஆகிவிட்டது. ஒரு சத்தம். கேவலம் ஒரு சத்தம். பூனையைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி, குப்பை லாரியைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி, ஊரில் உள்ள அத்தனை நாயும் வீணாகக் குரைத்துத் தள்ளுகிறதே, அதில் ஒன்று. அவர் கையால் எத்தனை வாய் சோறு தின்றிருக்கும் அது.

அன்றிலிருந்து சார்ஜனோடு பேச்சை விட்டேன். சோறு வைப்பேன், குளிப்பாட்டுவேன், அவ்வளவுதான். தொட்டுத் தடவுவது கிடையாது. வீட்டில் நானும் அதுவும் மட்டும். அது முன்பும் பேசியதில்லை, இப்போது நானும் பேசுவதில்லை. வேலையிலிருந்து வந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். எந்த நாடகம், யார் யாருக்கு என்ன உறவு, எதுவும் தெரியாது. மனுசக் குரல் கேட்டால் போதும். சில சாயங்காலங்களில் ரெண்டு கிளாஸில் தேத்தண்ணி கலக்கிவிட்டு அப்புறம்தான் நினைவு வரும். ஆறிப்போன அந்த ரெண்டாவது கிளாஸை நானே குடிப்பேன்.

யுகேந்திரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். குடித்தனம் ஜொகூரில், அடுக்குமாடியில். "தனியா இருந்தா ரொம்ப சூசா மா. இங்க வந்துடுங்க, எல்லாருக்கும் செனாங்," என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வான். கஷ்டம், சுகம் எல்லாவற்றையும் அவனுக்கு மலாயில் சொன்னால்தான் திருப்தி. ஆனால் அந்த அடுக்குமாடியில் நாய் வைக்க அனுமதி இல்லை. "சித்தப்பாகிட்ட குடுத்துடுங்களேன்," என்றான். அவன் சித்தப்பா, என் கொழுந்தன் அர்ச்சுனன், ஆயர் தாவாரில் செம்பனைக் கன்று வளர்க்கிறான். கன்று திருட்டுப் போகிறது, காவலுக்கு நாய் வேண்டுமாம். இது குரைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "பாக்க பெருசா இருந்தா போதும் அண்ணி," என்றான். தீபாவளிக்கு மறுநாள் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. சரி, தொலையட்டும் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

போன வருடம் துக்க வருடம், தீபாவளி இல்லை. ஆகவே இந்த வருடம்தான் அவர் படத்துக்கு முதல் படையல், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். யுகேந்திரனும் மருமகள் ஷாமினியும் வருவதாக இருந்தது. முதல் நாள் காலையில் போன் வந்தது. லீவு மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம், தீபாவளி அன்று ராத்திரிதான் கிளம்ப முடியுமாம். "படையல் மட்டும் நீங்க போட்டுடுங்க மா," என்றான். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

தனி ஆளுக்குச் சமைக்கிறவள் கணக்கு மறந்து ஒரு குடும்பத்துக்குச் சமைத்தேன். ஆட்டுக்கறிப் பெரட்டல், கோழிக் குழம்பு, பொரித்த மீன், உளுந்து வடை, பாயசம். வாழை இலை விரித்து எல்லாம் வைத்தேன். அவருக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் ஒரு போத்தல். புதுச் சட்டையும் வேட்டியும் மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். குத்துவிளக்கு ஏற்றி, சூடம் காட்டி, தரையில் விழுந்து கும்பிட்டேன். அப்புறம் எங்கள் வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் வெளியே வந்து கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இறந்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள். நாம் பார்த்துக்கொண்டு நின்றால் வரமாட்டார்கள். பிறகு கதவைத் தட்டிக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சிலிண்டர் திருட்டுக்குப் பிறகு மாற்றிய பூட்டு. படையலுக்கு வெளியே வரும்போதெல்லாம் இவர் தன் செருப்பில் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருப்பார். அது அவர் வேலை. நான் அதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வருடம் செருப்பு வைக்க ஆள் இல்லை என்பது, பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது. போன் டிவிக்குப் பக்கத்தில். பின்கதவை நானே தாழ் போட்டிருந்தேன். சரி, யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்பும்போது அடுத்த இடி விழுந்தது. சார்ஜன் எங்கே?

படையல் போடும்போது நாயைப் பின்பக்கம் கட்டுவதுதான் வழக்கம். மேசைக்கடியில் சத்தமில்லாமல் கிடந்த அதை நான் மறந்தே போயிருந்தேன். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நாயை வேறு எப்படி நினைவு வைப்பது? உள்ளே ஆட்டுக்கறி. கோழி. மீன். எரிகிற விளக்கு, பக்கத்தில் மடித்து வைத்த புதுத் துணி. நடுவில் அந்த மலை போன்ற உடம்பு.

சரளா வீட்டுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது, கடைசி நேரச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருப்பார்கள். எதிர்வீடு கிள்ளானுக்குப் போய்விட்டது. மூலை வீட்டில் தட்டினேன், பதில் இல்லை. விளக்கை நினைத்து அதற்கு மேல் தூரம் போகப் பயந்து திரும்பி ஓடி வந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

முன் ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியிருக்கும். அவற்றின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சார்ஜன் மேசைக்கடியிலிருந்து எழுந்துவிட்டது. இலைக்கு முன்னால் நின்றது. மூக்கை நீட்டி மோந்தது.

"சீ! போ! அது அவருக்கு வச்சது!" என்று கம்பியில் அடித்தேன்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முதல் படையல். மகன் இல்லை, மருமகள் இல்லை, கதவிடுக்கில் செருப்பு வைக்க அவர் இல்லை. அவர் சோற்றைக் கடைசியில் நாய் தின்னப் போகிறது, நான் என் வீட்டுக்கு வெளியே மழையில் நின்று வேடிக்கை பார்க்கப் போகிறேன். "குரைடா!" என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "இன்னைக்காவது குரைடா! தெருவுல யாருக்காச்சும் கேக்கட்டும்! அன்னைக்குத்தான் வாய்ல மண்ணு விழுந்துச்சு, இன்னைக்கும் அதேதானா?"

அது என்னைத் திரும்பிப் பார்த்தது. இலையைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, வால் எதிலும் படாமல் மெதுவாக நடந்து வந்தது. ஜன்னலுக்கு அல்ல, கதவுக்கு. கதவின் அந்தப் பக்கம் பொத்தென்று படுக்கிற சத்தம் கேட்டது. கீழ் இடுக்கில் ஈர மூக்கு தெரிந்தது.

அதட்டிப் பார்த்தேன், அது அசையவில்லை. நானும் இந்தப் பக்கம் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். சாரல் காலில் அடித்தது. விரலை இடுக்கில் வைத்தேன். அது நக்கவில்லை, முனகவில்லை. மூக்கை என் விரல்மேல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டது. சூடான மூச்சு. அவர் போனபிறகு என் கையில் இன்னோர் உயிரின் மூச்சு பட்டது அப்போதுதான்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பேச ஆரம்பித்தேன். லீவு கிடைக்காததைச் சொன்னேன், கறிக்கு உப்பு கூடிப்போனதைச் சொன்னேன், கேண்டீனில் புதிதாக வந்தவள் என்னைக் கிழவி என்று கூப்பிட்டதைச் சொன்னேன். நாளெல்லாம் சொல்ல ஆள் இல்லாமல் சேர்ந்து போனதெல்லாம் வந்தது. இடையிடையே, இந்நேரம் எழுந்து இலைக்குப் போயிருக்கும் என்று விரலை அசைத்துப் பார்ப்பேன். மூக்கு அங்கேயே இருந்தது.

சரளா வந்தபோது நான் முழுக்க நனைந்திருந்தேன். "ஐயோ அக்கா, என்னாச்சு?" என்று கையிலிருந்த பைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சொன்னேன். ரெண்டு பேருமாகக் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, மாப்புக் கட்டையைக் கம்பி வழியே உள்ளே விட்டு, ஆணியிலிருந்த சாவியைத் தூண்டில் போடுகிற மாதிரி இழுத்தோம். ரெண்டு முறை கீழே விழப் பார்த்தது. சரளா மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே எடுத்துவிட்டாள்.

கதவைத் திறந்தால் சார்ஜன் எழுந்து வழிவிட்டது. விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. கறி, கோழி, மீன், ஒரு வடைகூடக் குறையவில்லை.

"அட!" என்று சரளா வாயில் கை வைத்தாள். "மீன் பொரியலை முள்ளோட முழுங்கின சார்ஜனா இது? ஒண்ணையும் தொடல பாருங்கக்கா!"

நான் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சரளா, அன்னைக்கு அவரு சாப்பிட்ட தட்டை யாரு கழுவுனது?"

"நான்தான் அக்கா. ஏன்?"

"தட்டு காலியா இருந்துச்சா?"

"எங்கக்கா காலி! அண்ணே ஒரு வாய்தான் வச்சிருப்பாரு போல. சோறு, சம்பல், பொரிச்ச கெம்போங் மீனு, எல்லாம் அப்படியே இருந்துச்சு. எறும்பு மொய்ச்சிருச்சு. நான்தான் கொட்டிட்டுக் கழுவி வச்சேன்."

"எங்க இருந்துச்சு தட்டு?"

"கீழதான் லா. சார்ஜன் மூக்குக்கு நேரா." சொல்லிவிட்டு நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா..." என்றாள். அப்புறம் என் ஈரத் தலையைத் தன் துப்பட்டாவால் துவட்டினாள்.

அவள் போனபிறகு நான் கணவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை. பசித்த நாய். மூக்குக்கு நேரே சோறும் மீனும். அது அவர் கையிலிருந்து தாடையை எடுக்கவில்லை. அதற்குக் குரைக்கத் தெரியவில்லை. கூட இருக்கத் தெரிந்தது. அவர் தனியாகப் போனார், தனியாகப் போனார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுத ஒவ்வொரு நாளும், அவர் தனியாகப் போகவில்லை என்று தெரிந்த ஒரே ஜீவன் மேசைக்கடியில் படுத்திருந்தது. அதோடுதான் நான் பேச்சை விட்டிருந்தேன்.

அர்ச்சுனனுக்குப் போன் போட்டேன். "தம்பி, லாரி எடுத்துக்கிட்டு வராதீங்க. சார்ஜனைக் குடுக்கல."

"ஏன் அண்ணி, குரைக்க ஆரம்பிச்சிருச்சா?" என்று சிரித்தான்.

"இல்ல. அது குரைக்காது," என்றேன்.

யுகேந்திரன் வரட்டும், அவனிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம். கோபப்படுவான். படட்டும். நாய் வைக்க விடாத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பான்.

படையல் சோற்றைப் பிசைந்து, கறியில் எலும்பை எடுத்துவிட்டு, முதல் உருண்டையைச் சார்ஜனுக்கு நீட்டினேன். இவ்வளவு நேரம் காத்த நாய் அதை ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தது. சிரித்தேன். நானும் சாப்பிட்டேன். உப்பு கூடத்தான் இருந்தது. மீதிச் சோறும் குழம்பும் இன்னும் நாலு நாளைக்கு வரும். வெளியே மழை விட்டு, எங்கோ பிள்ளைகள் பட்டாசு கொளுத்தத் தொடங்கினார்கள். சார்ஜன் காதைக்கூட அசைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து அது என் பக்கத்தில் வந்து படுத்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அதன் தலைமேல் கை வைத்தேன்.

"டேய், அன்னைக்கு அவரு ஏதாச்சும் சொன்னாராடா?" என்று கேட்டேன்.

அது கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தாடையை என் கைமேல் வைத்துக்கொண்டது.